ஆப்பிரிக்கா சஃபாரி: முதலில் மாதத்தைப் பிடியுங்கள்

கடலூர், புதுச்சேரி வீடுகளில் குடும்பமாக வெளியூர் போவதென்றால் ஏப்ரல் கடைசி, இல்லாவிட்டால் மே. பிள்ளைகளுக்கு லீவு விடுவது அப்போதுதான். கென்யா, தான்சானியா சஃபாரிக்கு ஆகாத மாதங்களும் அவையேதான். மார்ச் கடைசியிலிருந்து மே வரை கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருமழைக் காலம். புல் உயர்ந்து நிற்கும். சிங்கம் பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் கண்ணில் படாது. எங்கும் தண்ணீர் கிடப்பதால் விலங்குகள் ஓர் இடத்தில் கூடாமல் சிதறிப் போயிருக்கும். போதாததற்கு கென்யாவின் மாசாய் மாரா பூங்காவில் பெரும்பகுதி கரிசல் மண். மழையில் கரிசலில் வண்டி ஓட்டியவருக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு மாதமும் லாட்ஜுகள் வாடகையைக் குறைத்து விளம்பரம் செய்வதன் காரணமும் இதுதான்.

ஆகவே எந்த நாடு, எத்தனை நாள், எவ்வளவு பணம் என்பதெல்லாம் பிறகு. முதலில் நம் லீவுக் காலண்டரையும் அங்குள்ள மழைக் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமக்கு நன்றாகப் பொருந்துவது காலாண்டுத் தேர்வு லீவு. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தில் வைல்டுபீஸ்ட் என்ற மாடு போன்ற மான் இனத்தின் மந்தைகள் பெரும்பாலும் மாரா ஆற்றை ஒட்டியே இருக்கும். இந்தப் பெரும் இடப்பெயர்ச்சியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்டுபீஸ்டும், கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரையும் புல்லைத் தேடி தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் கென்யாவின் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுக்கச் சுற்றுகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை வட செரெங்கெட்டியிலும் மாராவிலும், ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்கே நுடுட்டுச் சமவெளியிலும் இருக்கும். நுடுட்டுவில்தான் கன்று ஈனும். பிப்ரவரி அதற்கு உச்சம். பொங்கல் லீவோடு ஒரு வாரம் சேர்த்து எடுக்க முடிந்தால் மந்தை தெற்கே வந்து சேரும் நேரத்தைப் பிடிக்கலாம். அரையாண்டு லீவில் போகிறவர்கள் கிளம்புகிற நாளைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் சென்னைக்குப் போகிற சாலை எப்படி இருக்கும் என்று தானே, ஃபெங்கல் புயல்களைப் பார்த்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

மே மாதம்தான் முடியும் என்றால் கிழக்கை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்கா குரூகர் பூங்காவுக்குப் போங்கள். அங்கே மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். மரங்கள் இலை உதிர்க்க, விலங்குகள் தண்ணீர்க் குட்டைகளைத் தேடி வரும். மே முதல் வாரத்தைவிடக் கடைசி வாரம் நல்லது. குரூகரில் தார்ச்சாலை உண்டு. வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டலாம், நம்மைப் போல அங்கும் இடப்பக்கம்தான். ஆனால் விசா வேலைக்கு முன்கூட்டியே இறங்க வேண்டும். கீழே சொல்வதில் பெரும்பகுதி கென்யா, தான்சானியாவுக்கு.

வைல்டுபீஸ்ட் மந்தை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்குத் தேதி சொல்லி விற்கிறவரை நம்ப வேண்டாம். மந்தை கரைக்கு வந்து மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவதும் உண்டு, ஒரே நாளில் மூன்று முறை கடப்பதும் உண்டு. அதனால் மாராவில் ஓர் இரவு தங்கல் வீண். மூன்று இரவாவது போடுங்கள்.

முதல் முறை போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இடங்களை அடுக்குவது. ஏழு நாளில் ஐந்து பூங்கா என்று அட்டவணை போட்டால் பாதிப் பகல் சாலையில் கழியும். நைரோபியிலிருந்து மாராவுக்கு ஐந்து, ஆறு மணி நேரம். அம்போசெலிக்கு நாலு, ஐந்து. தான்சானியாவில் அருஷாவிலிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதிக்குப் போகவே ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதனால் ஏழு இரவு கென்யா என்றால் நைரோபி ஒன்று, அம்போசெலி இரண்டு, நகுரு அல்லது நைவாஷா ஒன்று, மாரா மூன்று. அம்போசெலியில் யானைக் கூட்டமும், விடியற்காலையில் மேகம் விலகினால் 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோவும். நகுருவில் காண்டாமிருகம். மாராவைக் கடைசியில் வையுங்கள். அதை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை சப்பென்று போய்விடும்.

வரைபடத்தில் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்து, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறலாம் என்று கணக்குப் போடுவார்கள். வைல்டுபீஸ்டுக்கு அந்த எல்லை திறந்திருக்கிறது, சுற்றுலாப் பயணிக்கு இல்லை. மேற்கே இசெபானியா எல்லைச் சாவடி வரை சுற்றிப் போய், முத்திரை குத்தி, வண்டியும் மாற்ற வேண்டும். ஒரு முழு நாள் போகும். பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் ஒரு நாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தான்சானியாவைத் தேர்ந்தெடுத்தால் தரங்கிரே, செரெங்கெட்டி, ங்கோரோங்கோரோ மூன்றும் போதும். ங்கோரோங்கோரோ எரிமலைக் குழியின் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் அளவில் இருக்கிறது. ஊட்டிக் குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். விமான டிக்கெட்டும் அறை வாடகையும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், பூங்காக் கட்டணம்தான் கடைசியில் இடிக்கும். 2024 முதல் மாசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாள் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். மூன்று நாளுக்கு ஒருவருக்கே 600 டாலர். கணவன் மனைவி என்றால் 1,200. சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். பூங்காவுக்குள் தங்கினால் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம் விழும். காலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்துவிட்டுக் கிளம்பியவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். தொகை மாறிக்கொண்டே இருப்பது. விலை கேட்கும்போது "பூங்காக் கட்டணம் சேர்த்தா, எத்தனை நாளுக்கு" என்று எழுத்தில் வாங்குங்கள். ங்கோரோங்கோரோ குழிக்குள் இறங்க ஆளுக்குரிய கட்டணம் போக வண்டிக்குத் தனியாக ஒரு தொகை உண்டு. அது இருவருக்கும் ஒன்றுதான், ஆறு பேருக்கும் ஒன்றுதான்.

இதனால்தான் ஆறு பேராகச் சேர்ந்து போவது லாபம். உங்கள் குடும்பமும் சகலை குடும்பமும் சேர்ந்தால் ஒரு லேண்ட் க்ரூஸர் நிரம்பும். வண்டி வாடகை, டீசல், ஓட்டுநர் சம்பளம் மூன்றும் ஆறாகப் பிரியும். ஏழாவது ஆளை ஏற்றாதீர்கள், நடுவில் உட்காருகிறவருக்கு ஜன்னல் இல்லை. கூரை தூக்கும் வேன் மலிவாகக் கிடைக்கும். காய்ந்த மண்ணில் அது பரவாயில்லை, மழை ஒரு முறை தட்டினால் கரிசலில் புதைந்துவிடும். ஃபோர் வீல் டிரைவ் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கென்யா என்றால் கேட்டோ (KATO), தான்சானியா என்றால் டேட்டோ (TATO) என்ற சுற்றுலா நிறுவனங்களின் சங்கத்தில் உறுப்பினரா என்று அந்தச் சங்கத்தின் தளத்திலேயே தேடிப் பாருங்கள். முன்பணத்தைக் கம்பெனி பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். தனி ஆள் பெயரில் கணக்கு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இங்குள்ள ஏஜென்ட் மூலம் பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ் (TCS) என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய பணம்; சான்றிதழைக் கேட்டு வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள்.

காகித வேலையில் பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் வேண்டும். கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் இ.டி.ஏ. என்ற இணைய அனுமதி. அரசுத் தளத்தில் 30 டாலர் அளவில் முடியும். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள், இரட்டிப்பாகக் கறப்பார்கள். கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம். தான்சானியாவுக்கு இ-விசா. 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்க விசா கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும்தான், தான்சானியா அதில் சேராது.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போகும்போது யாரும் கேட்காமல் விட்டுவிடக்கூடும். கென்யாவிலிருந்து திரும்பி இறங்கும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையவும் அது வேண்டும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் கணக்கு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும் என்பதால் ஆள் சேர்த்து, முன்பதிவு வைத்துத்தான் போடுவார்கள். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே நாள் குறித்துவிடுங்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். சான்றிதழில் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள், இனிஷியல் குழப்பம் நம்மவர்களுக்கு வாடிக்கை. முட்டை ஒவ்வாமை உள்ளவர், ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தை, கர்ப்பிணி, அறுபதைத் தாண்டியவர் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியைக் கொண்டு செய்த தடுப்பூசி இது.

மலேரியாவுக்கு ஊசி எதிர்பார்க்காதீர்கள், மாத்திரைதான். "நம் ஊர்க் கொசுவுக்கே அசராதவன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இருப்பது உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபேரம் வகை. டாக்ஸிசைக்ளின் என்றால் போகுமுன் ஓரிரு நாளில் தொடங்கித் திரும்பி வந்த பிறகு நாலு வாரம். அட்டோவாகுவோன், புரோகுவானில் கூட்டு மாத்திரை என்றால் திரும்பிய பிறகு ஏழு நாள். விலை கூடுதல். எது யாருக்கு என்று மருத்துவர் சொல்லட்டும்.

பெட்டி கட்டுமுன் பிளாஸ்டிக் பைகளை எல்லாம் எடுத்து வெளியே போடுங்கள். கென்யா 2017 ஆகஸ்டிலும் தான்சானியா 2019 ஜூனிலும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டன. முறுக்குக்கு ஒரு கவர், ஈரத்துணிக்கு ஒரு கவர் என்று கட்டும் நம் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. மஞ்சப்பையும் சிறிய எவர்சில்வர் டப்பாவும் போதும். பண்ருட்டி முந்திரி, இட்லிப் பொடி கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை வேண்டாம். சைவம் என்பதை முன்பதிவிலேயே எழுதுங்கள். சப்பாத்தி அங்கேயும் சப்பாத்திதான், கீரைப் பொரியலுக்கு சுகுமா விக்கி என்று பெயர், கிதேரி என்பது சோளமும் பயறும் வேகவைத்தது. பட்டினி கிடக்க நேராது.

பூங்காவுக்குச் சிறு விமானத்தில் போவதென்றால் கைப்பையும் சேர்த்து 15 கிலோ, அதுவும் மடங்கும் துணிப் பை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். உடை காக்கி, சாம்பல், மங்கல் பச்சை. கருநீலமும் கறுப்பும் செட்சி ஈயை இழுக்கும், அது ஜீன்ஸ் துணிக்கு மேலேயே கடிக்கும். இராணுவப் புள்ளித் துணி பல ஆப்பிரிக்க நாடுகளில் தடை. நம் ஊர்க்காரர்கள் மறப்பது ஸ்வெட்டரை. ஜூலை, ஆகஸ்ட் விடியலில் மாராவில் பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும், திறந்த கூரையில் காற்றும் சேர்ந்துகொள்ளும். டிரோன் வேண்டாம், பறிமுதல் ஆகும். பிளக் மூன்று சதுர முள் வகை. டாலர் நோட்டு 2009க்குப் பிந்தையதாக, கிழிசலும் மசிக் கறையும் இல்லாமல் வேண்டும். பழைய நோட்டை அங்கே தொடமாட்டார்கள்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42. ஆளுக்கு ஒன்று இல்லாவிட்டால் வண்டிக்குள் சண்டை வரும். கேமராவுக்கு 300 மில்லிமீட்டராவது லென்ஸ். இரண்டையும் புதுப் பெட்டியோடு கொண்டுபோய் அங்கே பிரிக்காதீர்கள். குளிர்காலத்தில் புதுச்சேரி ஊசுட்டேரிக்கு இரண்டு காலை போய்ப் பறவைகளில் பழகுங்கள். வண்டி விளிம்பில் லென்ஸை வைக்க ஒரு வெற்றுத் துணிப்பை எடுத்துப் போங்கள், அங்கே கிலோ அரிசியோ பயறோ வாங்கி நிரப்பலாம்.

காலை ஆறு முதல் ஒன்பது, மாலை மூன்றரை முதல் ஆறு. விலங்கு நடமாடும் நேரம் அதுதான். ஓட்டுநர்கள் ரேடியோவில் பேசுவது சுவாஹிலியில்: சிம்பா சிங்கம், சுயி சிறுத்தை, டுமா சிவிங்கிப்புலி, டெம்போ யானை, கிஃபாரு காண்டாமிருகம். தமிழில் சிறுத்தைக்கும் சிவிங்கிப்புலிக்கும் ஒரே பெயர் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்கிறோம். கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கினால் சிவிங்கிப்புலி, புள்ளிகள் பூப்போல வளையமாக இருந்தால் சிறுத்தை. பாதையை விட்டு இறங்கிப் போகச் சொல்லி ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள், மாரா ரிசர்வுக்குள் அது தடை, அபராதம் அவருக்கு. கிட்டப் போய்ப் பார்க்கவும் இரவு சஃபாரிக்கும் ஆசை இருந்தால் பக்கத்துத் தனிச் சரணாலயங்களான நபோய்ஷோ, ஒலாரே மொடொரோகி போன்றவற்றில் தங்க வேண்டும். வாடகை அதிகம், வண்டிக் கூட்டம் குறைவு. சாப்பாட்டுப் பெட்டியை ங்கோரோங்கோரோ பிக்னிக் இடத்தில் வண்டிக்கு வெளியே திறந்தால் பருந்து கையிலிருந்தே பறிக்கும், நகுருவில் பபூன் குரங்கு. ஓட்டுநருக்கு டிப்ஸைக் கடைசி நாளில் தனியாக, கையில் கொடுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து டாலர் என்பது நடப்பு வழக்கம்.

சென்னை விமான நிலையம் புதுச்சேரியிலிருந்து 150 கிலோமீட்டர் அளவு, கடலூரிலிருந்து இன்னும் இருபது சேர்க்க வேண்டும். நைரோபிக்கு மும்பை வழியாகவோ வளைகுடா நகரங்கள் வழியாகவோ மாறிப் போகலாம். இரண்டு டிக்கெட்டாகத் தனித்தனியே எடுத்தால் முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது போயே போச்சு. ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுங்கள்.

திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், டெங்கு என்று நினைத்து ஓ.பி. வரிசையில் நாளைக் கடத்த வேண்டாம். "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி, மலேரியா ரத்தப் பரிசோதனையை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.