பத்துப் பேர், முப்பது பாட்டு: ரசனை ஒத்துப்போகாத குழுவுக்கு ஒரு கூட்டுப் பட்டியல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் ஒரே வாட்சாப் குழுவில் இருக்கும் பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனைத் தோட்டத்து லயத்தில் இருப்பவர் ஒருவர், தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தவர்கள் இரண்டு மூன்று பேர், ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வருகிறவர், கோயில் திருவிழாவில் உருமி அடிக்கிற பையன், வாய்ப்பாட்டு படிக்கிற பிள்ளை, எண்பதுகளின் மலாய் ராக்கை வரி தப்பாமல் பாடுகிற ஓர் அங்கிள். ஒருவர் பாட்டு இணைப்பு போடுவார். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று இன்னொருவர் கேட்பார். அப்புறம் மூன்று நாளைக்குக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும்தான் வரும்.

இந்தச் சண்டைகளில் பலவற்றுக்குப் பாட்டு காரணமே இல்லை. கேட்ட விதம் கோளாறு, அல்லது பாட்டுக்கு ஒட்டிய பெயர் கோளாறு. இரண்டையும் சரிசெய்தால், பிடிக்காத பாட்டைக்கூட ஏன் பிடிக்கவில்லை என்று ஒழுங்காகச் சொல்ல வரும். அதற்கு மாதம் ஒரு கூட்டுப் பட்டியல் போதும்: ஸ்போட்டிஃபை போன்ற பாட்டுச் செயலியில் எல்லோரும் சேர்ந்து நிரப்பும் ஒரே பாட்டுப் பட்டியல்.

ஆள் கணக்கு, பாட்டுக் கணக்கு

எட்டுப் பேருக்குக் குறைந்தால் ஒரே வாசனை அடிக்கும். பன்னிரண்டுக்கு மேல் போனால் யாரும் முழுதாகக் கேட்க மாட்டார்கள். பத்துப் பேர், ஆளுக்கு 3 பாட்டு, ஆக 30. பாட்டுக்குச் சராசரி 4 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். ஞாயிறு மாலை துணி மடித்துக்கொண்டே, சமைத்துக்கொண்டே ஒருமுறை ஓட்டிவிடலாம். "எனக்கு அஞ்சு பாட்டு இருக்கே" என்று கெஞ்சுகிறவர் எப்போதும் ஒருவர் இருப்பார். விடாதீர்கள். மூன்றே மூன்று என்றால்தான் மனிதர் உட்கார்ந்து யோசிப்பார்.

மூன்று பாட்டும் மூன்று வகை. முதலாவது வீட்டுப் பாட்டு: உங்களுக்கு உயிரான வகையிலிருந்து, புதியவருக்குக் கதவு திறந்துவிடும் ஒன்று. இரண்டாவது பக்கத்து வீட்டுப் பாட்டு: குழுவில் இன்னொருவர் விரும்பும் வகையில் நீங்களே தேடி எடுத்தது. மூன்றாவது தூரத்துப் பாட்டு: இருவருக்குமே பழக்கமில்லாத ஒன்று. இந்த இரண்டாவதில்தான் குழு பிழைக்கும். உருமிப் பையன் கீர்த்தனை தேடப் போகும்போதும், வாய்ப்பாட்டுப் பிள்ளை ஹிப் ஹாப் தேடப் போகும்போதும் கிண்டல் பாதி தானாகக் குறைந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்குப் போகப் பாலம் வேண்டும். நம் ஊரிலேயே நல்ல பாலங்கள் இருக்கின்றன. ஜொகூரின் மலாய் கஸலில் ஆர்மோனியமும் தபேலாவும் கம்புஸ் என்ற தந்தி வாத்தியத்தோடு சேர்ந்து ஒலிக்கும். இந்துஸ்தானி கேட்டுப் பழகியவருக்கு மலாய்ப் பாட்டுக்குள் நுழைய இதைவிட எளிய வாசல் இல்லை. இந்தோனேசிய டங்டுட் இசையில் வரும் கெண்டாங் மத்தளத்தின் தொனி தபேலாவுக்கு நெருங்கிய உறவு. அந்த இசையில் இந்திப் படப்பாட்டின் சாயலும் வெளிப்படையாகவே இருக்கும். உருமியில் ஊறியவருக்கு ஜோகெட் என்ற மலாய் ஆட்ட இசையைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாகப் பிரியும் தட்டும் மூன்றாகப் பிரியும் தட்டும் அதில் ஒன்றோடொன்று உரசும். கால் தானாக ஆடும். பினாங்கிலிருந்து வந்த அல்லிகேட்ஸ் என்ற மலாய்ப் பாப் குழுவை முன்னின்று நடத்தியவர்கள் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள். மலாய்ப் பாட்டு என்றாலே முகம் திருப்பும் தாத்தாவிடம் பெயரைச் சொல்லிவிட்டுப் பாட்டை ஓடவிடுங்கள்.

மாமாவுக்கும் மருமகனுக்கும் நடுவே ஆயத்தமாக ஒரு பாலம் உண்டு. யோகி பி & நட்சத்ரா என்ற மலேசியத் தமிழ் ராப் குழுவின் 2006ஆம் ஆண்டு 'வல்லவன்' தொகுப்பில், 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாட்டு 'மடை திறந்து' ராப்பாக மாறி வரும். இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள், பழையதை முதலில். புதியதை முதலில் வைத்தால் "கெடுத்துட்டானுங்க" என்ற பேச்சு தொடங்கி அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். மேற்கத்தியச் செவ்வியலுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே இளையராஜாவின் 1986 தொகுப்பு 'ஹௌ டு நேம் இட்' இருக்கிறது.

வகைக்குப் பெயர் வைப்பது

"சினிமாப் பாட்டு" என்பது வகையே அல்ல, பாட்டு வந்த வழி. ஒரே படத்தில் குத்து, மெலடி, ராக், ஒப்பாரி எல்லாம் இருக்கும். "பழைய பாட்டு" என்பதும் வகையல்ல. அறுபது வயதுக்காரரின் பழசும் இருபத்தைந்து வயதுக்காரரின் பழசும் வேறு வேறு. ஆகவே வகைப் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்து விவரம் எழுதுங்கள்: வேகம், நடை, முன்னால் நிற்கும் வாத்தியம், குரல், எந்த நேரத்துக்கு உகந்தது.

வேகம் கண்டுபிடிக்கச் செயலி தேவையில்லை. கால் தட்டுகிற தட்டை 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். 23 தட்டு என்றால் நிமிடத்துக்கு 92. இங்கே ஒரு பொறி உண்டு. ட்ராப் என்ற ஹிப் ஹாப் வகைப் பாட்டை ஒருவர் 140 என்பார், இன்னொருவர் 70 என்பார். இருவரும் சரிதான், ஒருவர் இரட்டிப்பாக எண்ணினார், மற்றவர் தலை ஆடுவதை எண்ணினார். தலை ஆடும் கணக்கையே எழுதுவதென்று குழு முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நடைக்கு இன்னும் சுலபம். பாட்டோடு "தகிட தகிட" என்று சொல்லிப் பாருங்கள், பிறகு "தகதிமி தகதிமி". எது ஒட்டுகிறதோ அதுதான் நடை. குத்தும் உருமி மேளமும் பெரும்பாலும் தகிடவில் விழும், ஹிப் ஹாப்பும் ராக்கும் பெரும்பாலும் தகதிமியில். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "132, தகிட, உருமி–தவில், கூட்டுக் குரல், ஊர்வலத்துக்கு."

நான்கு மாதம் இப்படி எழுதினால் உங்கள் ரசனையும் பிடிபடும். மனதில் தங்கிய பாட்டுகளுக்கு எதிரே ஒரு புள்ளி வைத்துவாருங்கள். "எனக்கு மெலடிதான்" என்று சத்தியம் செய்கிறவரின் புள்ளிகள் எல்லாம் தகிட நடையில் விழுந்திருக்கும். "ராக் மட்டும்தான்" என்பவருக்கு உண்மையில் பிடித்தது கனத்த ஆண்குரலாக இருக்கும். அது தெரிந்துவிட்டால் அடுத்த மாதம் வேறு மொழியில், வேறு வகையில் அதே குணத்தைத் தேடலாம். கணினி பரிந்துரைக்கும் பட்டியல் இதைச் செய்யாது. அது நேற்றுக் கேட்டதற்கு ஒன்றுவிட்ட தம்பியைத்தான் கொண்டுவந்து நிறுத்தும்.

நியாயமாகக் கேட்பது

இதுதான் எல்லோரும் தாண்டிப் போகும் இடம். ஒரே பாட்டு, இரண்டு சத்த அளவு என்றால் சற்றே உரத்ததுதான் காதுக்கு நன்றாகப் படும். அண்மைக்காலப் பாடல்கள் இறுக்கி உயர்த்தப்பட்டு வருகின்றன. எழுபதுகளின் பதிவு பக்கத்தில் சோகையாகத் தெரியும். பழைய பாட்டு தோற்றது இசையில் அல்ல, டெசிபலில். ஸ்போட்டிஃபை அமைப்புகளில் சத்தத்தைச் சமப்படுத்தும் தேர்வை இயக்கி, அளவை 'நார்மல்' என்று வையுங்கள். எல்லாப் பாட்டும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற சராசரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு பாட்டு கரைந்து அடுத்தது எழும் கிராஸ்ஃபேட் தேர்வைச் சுழியத்தில் வையுங்கள். அதை 12 விநாடி வரை நீட்ட முடியும், அந்தப் 12 விநாடியில் ஓர் ஆலாபனையின் முதல் இழுப்பே காணாமல் போகும்.

கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒலி வெகுவாக வடிந்துவிடும். உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் உறுமல் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் மிச்சம் 'டக டக' மட்டும். "வெறும் சத்தம்" என்று அதைச் சொன்னவர் பாதி வாத்தியத்தைக் கேட்கவே இல்லை. சாதாரணக் கம்பி இயர்போன் போதும். மாலை மழை தகரக் கூரையில் கொட்டும் நேரத்தில் வீணை, புல்லாங்குழல் பக்கம் போகாதீர்கள்.

ஒலிபெருக்கி முன் கைப்பேசியைப் பிடித்துக் குரல் பதிவாக அனுப்புவது இன்னொரு கொடுமை. வாட்சாப் குரல் பதிவு பேச்சுக்காகச் சுருக்கப்பட்டது, இசை நசுங்கிவிடும். இணைப்பை மட்டுமே அனுப்புங்கள். இணைப்பும் மூலப் பதிவுக்குத்தானா என்று பாருங்கள். மெதுவாக்கி எதிரொலி சேர்த்த பதிப்புகள் இப்போது தேடலில் முன்னால் வந்து நிற்கின்றன. வேகத்தை 0.85 ஆகக் குறைத்தால் சுருதி கிட்டத்தட்ட மூன்று அரைச்சுரம் கீழே இறங்கும். பாடகியின் குரலே வேறாகிவிடும்.

தோட்டத்துக்குள் அலைவரிசை நம்ப முடியாது. வைஃபை கிடைக்கும் இடத்திலேயே பட்டியலைத் தரவிறக்கிவிடுங்கள். 320 கேபிபிஎஸ் தரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 290 எம்பி, 96 தரத்தில் 86 எம்பி. இலவசக் கணக்கில் பாட்டைத் தரவிறக்க முடியாது, விளம்பரமும் குறுக்கே வரும். அப்படிப்பட்டவர்களுக்கு அதே வரிசையை யூடியூபில் நகலெடுத்துக் கொடுப்பது அந்த மாதப் பட்டியலைக் கவனிக்கும் பொறுப்பாளரின் வேலை.

வரிசை

ஆளாளுக்குச் சேர்த்த வரிசையில் விடாதீர்கள். பொறுப்பாளர் அரை மணி நேரம் ஒதுக்கி அடுக்க வேண்டும். அடுத்தடுத்த பாட்டுகளின் வேகம் 20க்கு மேல் தாண்டாமல் இருந்தால் நல்லது. ஒரே வகையில் இரண்டு, பிறகு மாற்றம். ஒன்று மட்டும் வந்து போனால் காது பழகாது, மூன்று வந்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார். உருமி முடிந்த கையோடு வீணை வேண்டாம், காது இன்னும் அடியிலேயே இருக்கும். நடுவில் மிதமான ஒரு மெலடியை வையுங்கள். ஒன்பது நிமிடக் கீர்த்தனை ஏதாவது இருந்தால் முதல் மணி நேரத்தின் கடைசியில் வைப்பது உத்தமம். தே தாரேக் தேநீர் கலக்கப் போகிறவர் போகட்டும், கேட்கிறவர் நிம்மதியாகக் கேட்கட்டும்.

பேச்சு

"பிடிக்கவில்லை" என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, ஆனால் நிமிடமும் விநாடியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "2:10இல் கிதார் குரலை மூடிவிடுகிறது" என்பது கருத்து. "ரவுடிப் பாட்டு", "பெரிய வீட்டுப் பாட்டு", "தூக்கம் வருது" என்பவை இசையைப் பற்றியவையே அல்ல. அவை யார் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பதைப் பற்றியவை. முதல் இரண்டும் நம் ஊர்களில் பல காலமாகப் புழங்கும் குத்தல்கள், சொன்னவருக்கே சில நேரம் தெரியாது. பொறுப்பாளர் தனியே அழைத்துச் சொல்லட்டும். குழுவில் வைத்துக் கேட்டால் மானப் பிரச்சினையாகிவிடும்.

தாவிச் செல்வதற்கும் விதி வேண்டும்: ஒரு நிமிடம் கேட்காமல் தாண்டக் கூடாது. சேவைக் கணக்கில் 30 விநாடி ஓடினாலே ஒரு கேட்பு என்று பதிவாகிவிடும், மனதுக்கு அந்தக் கணக்கு பத்தாது. ஆளுக்கு மாதம் ஒரே ஒரு 'வேண்டாம்' சீட்டு. அதைப் போட்டால் அந்தப் பாட்டை அவர் கேட்க வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. சிலருக்குச் சில பாட்டு இழவு வீட்டை நினைவூட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொட்டைப் பட்டியல் போடுங்கள். எல்லோரும் பொறுப்பாளருக்குத் தனியே அனுப்பட்டும், அவர் பெயர் இல்லாமல் வெளியிடட்டும். யார் போட்டது என்று ஊகிக்க வாட்சாப் வாக்கெடுப்பு போதும், அதில் 12 தேர்வுகள் வரை வைக்கலாம். அங்கிள் போட்ட ராப்பை எல்லோரும் பையன் தலையில் கட்டுவார்கள்.

எங்கே கெடும்

மற்றவர் பாட்டுகளைக் கேட்டபின் உங்கள் சொந்தப் பரிந்துரைகள் கலங்கிப்போகும். ஸ்போட்டிஃபையில் பட்டியலின் மூன்று புள்ளிப் பட்டியைத் திறந்தால், உங்கள் ரசனையைக் குறித்துவைக்கும் டேஸ்ட் புரொஃபைலில் அதைச் சேர்க்காமலிருக்க ஒரு தேர்வு இருக்கிறது. யூடியூபில் பார்வை வரலாற்றை நிறுத்திவைக்கலாம்.

உரிம மாற்றத்தால் சில பாட்டுகள் திடீரென்று சாம்பல் நிறமாகிவிடும். எனவே பாட்டு, படம், ஆண்டு, இசையமைப்பாளர், பாடகர் ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஒரு சேவை தமிழ்ப் பாட்டை இசையமைப்பாளர் பெயரிலும் இன்னொன்று பாடகர் பெயரிலும் போடும். இளையராஜா பெயருக்கே ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் நடமாடுகிறது. படப் பெயரும் ஆண்டும் இருந்தால் மறுபடி கண்டுபிடித்துவிடலாம்.

பாட்டிகளைச் செயலிக்குள் இழுக்காதீர்கள். பாட்டி முதல் வரியைப் பாடிக்காட்டட்டும், பேரப்பிள்ளை தேடி எடுத்து அவர் கணக்கில் மூன்றாகச் சேர்க்கட்டும்.

பட்டியல் நன்றாக அமைந்தால் யாராவது "என் கடையில் போடலாமே" என்பார். முடிதிருத்தும் கடையோ சாப்பாட்டுக் கடையோ, அது பொது இடம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பொது இடத்தில் இசை ஒலிக்க உரிமம் தேவை. தனிநபர் சந்தாவும் தனிப்பட்ட கேட்புக்கு மட்டுமே. கடைக்காரர் உரிமம் எடுத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு இணைப்பை அனுப்புங்கள்.