கோழிக்கூட்டுக்குள்ள கீரி, மரநாய், பாம்பு வராம அடைக்கிறது எப்படி (நான் மூணு தடவ தோத்த கதையோட)

பதினோரு கோழி வச்சிருந்தேன், ஒரே ராத்திரில ஏழு போச்சு. காலைல போய் பாத்தா கதவு பூட்டுன மாதிரியே இருக்கு, வலையும் கிழியல, ஏழும் கழுத்துல கடிபட்டு கெடக்கு, ஒண்ணக்கூட ஒழுங்கா தின்னல. வந்த ஆத்திரத்துல பொறி வைக்கலாமா, வெஷம் வைக்கலாமான்னு எல்லாம் யோசிச்சேன். வெஷம் வச்சா அத தின்னு செத்தத ஆந்தையும் பக்கத்து வீட்டு பூனையும் தின்னும், அதுங்களும் போகும், அதுபோக இந்த மாதிரி காட்டு ஜீவன கொல்றது பல நாட்டுல சட்டப்படி குத்தம். சரி ஒண்ண புடிச்சு தூர விட்டோம்னே வைங்க, இடம் காலியானா அடுத்தது வந்துரும். அதனால இது ஓட்டைய அடைக்கிற பதிவு மட்டும்தான். கூடு எப்படி கட்டுறது, எத்தன கோழிக்கு எவ்ளோ இடம், அதெல்லாம் தெரியும்னு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறேன்.

ஸ்டெப் 1: வந்தது யாருன்னு பாருங்க

பகல்ல குஞ்சு மட்டும் ஒவ்வொண்ணா காணாம போகுது, சத்தமும் இல்ல ரத்தமும் இல்லன்னா முதல்ல வானத்த பாருங்க, பருந்தோ காக்காவோ தான் இருக்கும். முட்டை ஓடு கூட மிச்சமில்லாம மறைஞ்சா பாம்ப சந்தேகப்படலாம், அது முழுசா முழுங்கிடும். ஓடு ஒடஞ்சு கெடந்தா கீரி, காக்கா, இல்லன்னா உங்க கோழியே (முட்டை குடிச்சு பழகுன கோழி ஒண்ணு என்கிட்டயே இருந்துச்சு, பாவம் கீரி மேல ஒரு வாரம் பழி போட்டேன்). நெறைய கோழிய கொன்னு அப்படியே போட்டுட்டு போயிருந்தா நாய், மரநாய், கீரின்னு எதுவா வேணா இருக்கலாம். அடைச்ச எடத்துல கோழி படபடன்னு அடிச்சுக்க அடிச்சுக்க அதுங்களுக்கு கடிக்கிற வெறி நிக்காது, பசி வேற விஷயம். வலை ஓரமா தலை இல்லாம கெடந்தா உள்ளயே யாரும் வரல, வெளிய இருந்தே இழுத்திருக்கு.

இன்னும் தெரியலன்னா சாயங்காலம் கூட்டை சுத்தி மணல சலிச்சு மெல்லிசா தூவி விடுங்க, காலைல கால்தடம் பேசும். நாய் தடத்துல நகம் பதியும், பூனைக்கு பெரும்பாலும் பதியாது.

ஸ்டெப் 2: வலை

கடைல கோழி வலைன்னு கேட்டா அறுகோண ஓட்டை போட்ட மெல்லிசு வலைய தான் குடுப்பாங்க. அது கோழிய உள்ள வைக்கத்தான் ஆகும், வெளிய இருக்கிறத தடுக்க ஆகாது, நாய் பல்லாலயே பிச்சிரும். அரை இன்ச் கட்டம் வச்ச ஜி.ஐ. வெல்ட் மெஷ் (துத்தநாகம் பூசுன இரும்புக் கம்பிய பத்த வச்சு செஞ்ச வலை) தான் வாங்கணும். கேஜ் நம்பர்ல ஏமாறாதீங்க, நம்பர் ஏற ஏற கம்பி மெலியும். நான் 22 கேஜ் தான் 19ஐ விட ஸ்ட்ராங்னு பெருமையா வாங்கிட்டு வந்தவன்.

அடிக்கிறதுக்கு ஸ்டேப்ளர் கன் வேணாம், சொன்னா கேளுங்க. நல்லா புடிச்ச மாதிரி தான் இருக்கும், ஒரு ஓரத்த கால வச்சு இழுத்தா வரிசையா கழண்டு வரும். ஸ்க்ரூ போட்டு பெரிய வாஷர் வச்சு முறுக்குங்க. கேபிள் டையும் (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) நாளாக நாளாக வெயில்ல முறுகி பட்டுன்னு ஒடையும், கட்டுக்கம்பி தான் பெஸ்ட்.

இந்த வலைய சுவத்துக்கும் கூரைக்கும் நடுவுல காத்துக்காக விட்ட இடுக்குலயும் அடிக்கணும். என் முதல் தோல்வி அங்கதான், நாலு விரல் அகல இடுக்கு, அவ்ளோ மேல யாரு ஏறப்போறான்னு விட்டுட்டேன். மரநாய்க்கு ஏறுறது தான் வேலையே, தலை நுழைஞ்சா ஒடம்பும் நுழைஞ்சிரும். இடுக்க பலக போட்டு அடைச்சிராதீங்க, காத்து இல்லன்னா எச்சத்துல இருந்து வர்ற அமோனியா நாத்தத்துல கோழிக்கு மூச்சு பிரச்சன வரும்.

ஸ்டெப் 3: தரை (இங்கதான் எல்லாரும் விழுவோம்)

மேல அடைச்சு ரெண்டு மாசம் நிம்மதி. அப்புறம் பட்டப்பகல்ல கீரி தோண்டிட்டு வந்துச்சு. நான் வலைய ஒரு அடி ஆழத்துக்கு நேரா கீழ புதைச்சிருந்தேன், கடப்பாறையும் நானும் ரெண்டு நாள் உயிர விட்ட வேலை அது, மண்ணு எளகுன எடத்துல அதுக்கு கீழயே பூந்து வந்துருச்சு.

நேரா புதைக்காதீங்க, படுக்க போடுங்க. சுவத்தோட அடியில இருந்து வெளிப்பக்கமா ரெண்டு அடி அகலத்துக்கு வலைய பாய் மாதிரி தரைல விரிச்சு, மேல ரெண்டு மூணு இன்ச் மண்ண போட்டு மூடி, ஓரத்துல கல்லு வச்சிருங்க. தோண்டுற ஜீவன் எப்பவும் சுவத்த ஒட்டி தான் தோண்டும், வலை தட்டுப்படும், கொஞ்சம் தள்ளி தோண்டும், அங்கயும் வலை. ரெண்டு அடி பின்னாடி போய் அங்க இருந்து சுரங்கம் போடணும்னு பெரும்பாலும் அதுக்கு தோணாது. குழி வெட்டுற வேலையும் மிச்சம்.

இதுலயும் நான் தோத்தேன், அது மூணாவது. மூலைல. நாலு பக்கத்துக்கும் நாலு நீள துண்டா வெட்டி விரிச்சா மூலைல ஒரு சதுரம் காலியா நிக்கும், மண்ண போட்டு மூடுனதும் நம்ம கண்ணுக்கு தெரியாது, அதுக்கு தெரியும். மூலைக்குன்னு தனியா ரெண்டரை அடி சதுரத்துண்டு வெட்டி ரெண்டு பக்கமும் நாலு இன்ச் மேல ஏறுற மாதிரி வச்சு, சாணுக்கு ஒரு கட்டு கம்பியால கட்டுங்க. சுவத்து வலையும் தரை வலையும் சேர்ற கோடு முழுக்க அதே சாண் கணக்கு தான். கதவுக்கு முன்னாடியும் விரிக்கணும், நடக்க எடஞ்சலா இருக்குன்னு அங்க விடுறவங்க நெறைய பேரு, மேல ரெண்டு தட்டக்கல்லு போட்டுட்டா எடஞ்சலே இல்ல.

ஸ்டெப் 4: கதவு

கீழ விரல் நுழையுற சந்து கூட வேணாம். தாழ்ப்பாளுக்கு ஸ்பிரிங் கொக்கி ஒண்ணு மாட்டுங்க. கோழி அடையுற நேரத்துக்கு தெனம் மூடணும், இருட்டுனா அதுங்களுக்கு கண்ணு சரியா தெரியாது, எது வந்தாலும் உக்காந்த எடத்துலயே மாட்டிக்கும். ஆட்டோமேட்டிக் கதவு நல்ல சாமான் தான், டைமர் வச்சத விட வெளிச்சம் பாத்து மூடுறது எனக்கு புடிக்கும், ஏன்னா பொழுது சாயுற நேரம் மாறிக்கிட்டே இருக்கும். ஆனா கதவு எண்ணாது, நீங்க தான் எண்ணனும். லேட்டா வர்ற ஒரு கோழி எல்லா கூட்டத்துலயும் இருக்கும்.

ஸ்டெப் 5: பகல்

குஞ்சுகள மேல மூடுன எடத்துல வளருங்க. பெரிய கோழிக்கு புதர், சாய்ச்சு வச்ச பலகன்னு பதுங்க எடம் இருந்தா போதும், நல்ல சேவல் ஒண்ணு இருந்தா மேல பருந்துன்னா ஒரு சத்தம், தரைல ஆபத்துன்னா வேற சத்தம், கொஞ்ச நாள்ல உங்களுக்கே வித்தியாசம் புரிஞ்சிரும். ராத்திரி தீனி சிந்தி கெடக்கக்கூடாது, தீனிக்கு எலி வரும், எலிக்கு பாம்பு வரும்.

அப்டேட்: ரெண்டு பேரு கமெண்ட்ல சொன்னதால சேக்குறேன். மேல கட்ட நைலான் வலை வாங்குறவங்க அத தரை வரைக்கும் தொங்க விடாதீங்க, பாம்பு நுழைஞ்சு செதில் சிக்கி திரும்ப முடியாம மாட்டிக்கும், அத வெட்டி எடுக்க நீங்க கைய விடாதீங்க, பாம்பு புடிக்க தெரிஞ்சவங்கள கூப்பிடுங்க. இன்னொண்ணு, அரை இன்ச் வலைல குட்டிப்பாம்பு நுழையும், அதனால குஞ்சு இருக்கிற பெட்டிக்கு மட்டும் கால் இன்ச் வலை போட்டுக்குங்க. முட்டைய சாயங்காலத்துக்குள்ள எடுத்துருங்க, ஒருத்தர் கூட்டுல முட்டைய முழுங்குன பாம்பு வயிறு வீங்கி வந்த ஓட்ட வழியா வெளிய போக முடியாம காலைல கோழிக்கு நடுவுல சுருண்டு கெடந்துச்சாம், அவரு டார்ச் அடிச்சு பாக்காம முட்டை எடுக்க கைய விட்டிருக்காரு, கடிபடாம தப்பிச்சது அதிர்ஷ்டம்.