சிசிலிய மொழியைப் பதிவு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் சிசிலித் தீவில் முதியவர்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்யப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். மைக்கை எங்கே வைப்பது, பேட்டரியை எப்படிச் சேமிப்பது என்பதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இத்தாலியனில் கேள்வி கேட்பது

நீங்கள் இத்தாலியனில் கேட்டால் அவர்களும் இத்தாலியனில்தான் பதில் சொல்வார்கள். தட்டுத்தடுமாறியாவது சிசிலியனில் கேளுங்கள்.

கேட்டதைத் 'திருத்தி' எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். சிசிலியனை இத்தாலியனின் கொச்சை என்று நினைப்பதால் வரும் வினை இது. இரண்டும் லத்தீனிலிருந்து தனித்தனியாக வளர்ந்தவை. காலையில் சாப்பிட்டதைக்கூடச் சிசிலியப் பாட்டி 'மன்ச்சாய்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். இத்தாலியப் பாடப்புத்தகமோ 'ஓ மஞ்ஜாத்தோ' என்று இரண்டு சொல் கேட்கும்.

ஒரு மாணவர் வயதான மீனவர் ஒருவரிடம் மாலை முழுக்க உட்கார்ந்து பதிவு செய்தார். எழுதி முடித்ததும் ஃபோனில் இடமில்லை என்று ஒலிக்கோப்பை அழித்துவிட்டார். எழுத்தை வாங்கிப் பார்த்தேன். 'மன்ச்சாய்' எல்லாம் 'ஓ மஞ்ஜாத்தோ' ஆகியிருந்தது. 'அழகான' என்பதற்கு மீனவர் 'வண்டி'யின் டகரத்தைப் போல நாக்கை மடித்து, அழுத்திச் சொல்லும் சொல் இத்தாலியப் 'பெல்லோ'வாகக் கிடந்தது. மறுபடி கேட்கலாம் என்று போனபோது அந்தப் பெரியவர் உயிரோடு இல்லை.

இந்தச் சேதம் புதிதும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அவையில் புலவர்கள் சிசிலியனில் பாடினார்கள். சானட் என்ற பதினான்கு அடிக் கவிதை வடிவத்தை உருவாக்கியவராகக் கருதப்படும் ஜாக்கமோ தா லெந்தீனி அவர்களில் ஒருவர். பாடல்களைப் படியெடுத்த, நடு இத்தாலியின் தஸ்கனிக்காரர்கள் தங்கள் பேச்சுக்கு ஏற்ப மாற்றினார்கள். 'அவீரி–சிர்வீரி' என்று பொருந்தும் இயைபு, 'அவேரே–செர்வீரே' என்று எழுதியதும் உடைந்தது. அந்தப் புலவர்களில் இன்னொருவரான ஸ்தெஃபானோ ப்ரொத்தொனொத்தாரோவின் ஒரு பாடல் சிசிலிய உருவிலேயே நம் கைக்கு வந்ததென்றால், 16-ஆம் நூற்றாண்டில் பார்பியேரி என்ற அறிஞர் அதை அப்படியே படியெடுத்து வைத்ததுதான் காரணம். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுங்கள். ஒலியை அழிக்கவே அழிக்காதீர்கள்.

ஊர்ப் பெயரைக் குறிக்காமல் விடுவது

பேச்சு ஊருக்கு ஊர் மாறும். குறித்தே ஆக வேண்டும்.

பொம்மலாட்டம் எல்லாம் ஒன்றே என்று எழுதுவது

யுனெஸ்கோ 2008-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த சிசிலியப் பொம்மலாட்டம் பலெர்மோவில் ஒரு மாதிரி, கத்தானியாவில் வேறு மாதிரி. பலெர்மோ பொம்மைக்கு முழங்கால் மடங்கும். கத்தானியாப் பொம்மை அதைவிடப் பெரியது, கால் விறைப்பாக நிற்கும். அப்புறம், பலெர்மோவில் ஆட்டுகிற பூபாரு ஒருவரே எல்லாக் குரலும் கொடுப்பது வழக்கம். கத்தானியாவில் அதற்குத் தனி ஆட்கள் உண்டு. அங்கே போனால் மைக் அவர்கள் பக்கம் இருக்கட்டும், பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.