கப்பல் இன்ஜினியர் ஆகும் ஆசையா? முதலில் கண்ணைக் காட்டுங்கள்

மரைன் இன்ஜினியரிங் படிக்க நினைப்பவர்கள் கல்லூரி தேடுவதற்கு முன்பே நிறப்பார்வை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் கோளாறு இருந்தால் கப்பல் வேலைக்கான மருத்துவச் சான்றிதழ் கிடைப்பது கடினம். பணம் கட்டிய பிறகு இது தெரியவந்தால் வயிறு எரியும்.

அப்புறம், வெள்ளைச் சீருடைப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலான நேரம் எண்ணெய்க் கறை படிந்த 'பாய்லர் சூட்' என்ற முழு உடல் வேலை உடையில்தான் போகும். இன்ஜின் அறையில் சூடு 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். காது மறைப்பான் இல்லாமல் உள்ளே போக முடியாத அளவுக்கு இரைச்சல். பக்கத்தில் நிற்பவரிடம் கையசைத்துத்தான் பேச வேண்டும். ஒரு விடுமுறையில் ஏதாவது பட்டறையில் சேர்ந்து பம்ப் ஒன்றைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அந்த அழுக்கும் வியர்வையும் பிடித்திருந்தால் சரி, மேலே யோசிக்கலாம்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட் பக்கம் போகவே போகாதீர்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலைக்கு எடுப்பதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனை, பாஸ்போர்ட் போன்ற செலவுகள் மட்டும் நம்முடையவை.