கராத்தேயில் யார் பெரிய மாஸ்டர்? வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் சாயங்கால கராத்தே வகுப்பு முடிந்து, வெள்ளை யூனிஃபார்மை மடித்துப் பைக்குள் வைக்கிற நேரத்தில் கிளம்பும் பேச்சு இது. "அண்ணே, புரூஸ் லீ முன்னாடி ஃபுனகோஷியெல்லாம் நிப்பாரா?" என்பான் ஆரஞ்சு பெல்ட் பையன். "போடா, ஓயாமா மாட்டையே ஒத்தக் கையால சாச்சவருடா" என்பார் பிரவுன் பெல்ட் அண்ணன். டீ ஆறிவிடும், வாதம் ஆறாது. இருவரும் வேறு வேறு விஷயத்தை அளந்துகொண்டிருப்பார்கள். அது இருவருக்குமே தெரியாது.

எதில் பெரியவர் என்று பேசாமலே தொடங்குவது

மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய் இதுதான். கராத்தேயில் ஒருவரைப் பெரியவர் என்று சொல்ல நாலு வழி உண்டு: நேருக்கு நேர் சண்டையில் வல்லவர், நல்ல சீடர்களை உருவாக்கியவர், கட்டாவையோ (தனியாகச் செய்துகாட்டும், வரிசை மாறாத அசைவுத் தொடர்) ஸ்டைலையோ வகுத்தவர், போட்டியில் பதக்கம் குவித்தவர். நாலுக்கும் நாலு விடை வரும். கைச்சண்டை என்றால் மோடோபு சோகி (1870–1944). ஒக்கினாவா தீவின் கலையை டோக்கியோவுக்குக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகங்களில் ஊன்றவைத்தவர் யார் என்றால் ஃபுனகோஷி கிச்சின் (1868–1957). பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கியவர் என்றால் இடோசு அன்கோ (1831–1915). போட்டிக் கட்டா என்றால் கியுனா ரியோ. 2014, 2016, 2018, 2021 என நான்கு உலகப் பட்டங்களும், டோக்கியோ ஒலிம்பிக் தங்கமும் அவருடையவை.

வாதம் தொடங்குமுன் "நாம சண்டைத் திறமையைப் பேசுறோமா, கற்றுக்கொடுத்ததைப் பேசுறோமா?" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். சண்டையில் தோற்கும்போது "ஆனா அவருக்கு உலகம் பூரா சீடர்கள் இருக்காங்கல்ல" என்று தாவுவதுதான் நம் வகுப்புகளில் அதிகம் நடக்கிறது. தாவ விடாதீர்கள்.

திரையில் பார்த்தவரைப் பட்டியலில் சேர்ப்பது

புரூஸ் லீ (1940–1973) கராத்தே மாஸ்டர் இல்லை. ஹாங்காங்கில் இப் மானிடம் விங் சுன் கற்றவர், பிறகு ஜீத் குன் டோ என்ற தன் வழியை வகுத்தவர். 1964-ல் அமெரிக்காவின் லாங் பீச்சில் நடந்த கராத்தே சாம்பியன்ஷிப்பில் செய்முறை காட்டினார்; குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். அவர் பெருமை தனி, அதை இங்கே கொண்டுவந்து கலக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பம் மியாகி. 1984-ல் வந்த ஹாலிவுட் படத்தில் பையனுக்குக் கராத்தே கற்றுத்தரும் பெரியவர் பெயர் மியாகி. அது கற்பனைப் பாத்திரம். நிஜமான மியாகி சோஜுன் (1888–1953) கோஜு ரியூ ஸ்டைலை நிறுவியவர். அந்தப் படத்தில் நடிகருக்குப் பதிலாகச் சண்டைக் காட்சிகளில் நின்ற டெமுரா ஃபுமியோதான் உண்மையான கராத்தேக்காரர், ஷிட்டோ ரியூ வழி வந்தவர்.

போதிதர்மரை முதல் மாஸ்டர் என்று முடித்துவிடுவது

நம் ஊரில் இந்த வாதம் பத்து நிமிடம் தாண்டினால் காஞ்சிபுரத்துக்குப் போய்விடும். "எல்லாமே நம்ம போதிதர்மர் கத்துக்கொடுத்ததுதான்" என்று யாராவது சொல்ல, எல்லாரும் தலையாட்டுவார்கள். தமிழர் என்ற பெருமிதம் நியாயமானது. ஆனாலும் சான்றை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547 வாக்கில் யாங் சுவான்ஜி எழுதியது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. தான்லின் எழுதிய குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. பிறந்த ஊரிலேயே பழைய ஏடுகள் ஒத்துப்போகவில்லை. இரண்டிலும் சண்டைக் கலை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஷாவோலின் மடத்தில் 728-ல் வைத்த கல்வெட்டு, துறவிகள் 621-ல் தாங் அரசுக்காகப் போரிட்டதைச் சொல்கிறது. அங்கும் சண்டைக்குப் போதிதர்மரைக் காரணமாகக் காட்டவில்லை. உடற்பயிற்சியை அவர் தலையில் ஏற்றும் நூலின் காலம் 1624. அதன் முன்னுரைகள் போலி என்று சீன வரலாற்று ஆய்வாளர் தாங் ஹாவோ காட்டியிருக்கிறார். அதாவது ஆயிரம் ஆண்டுக்கும் மேல் இடைவெளி.

கராத்தேயின் வேர் ஒக்கினாவாவின் உள்ளூர்க் கைச்சண்டையிலும், எதிர்க்கரையில் இருக்கும் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக் கலைகளிலும் இருக்கிறது. உஎச்சி கான்புன் (1877–1948) ஃபூஜோ நகருக்கே போய்க் கற்றுவந்தவர். போதிதர்மரைத் தியான மரபின் பெரியவராகக் கும்பிடலாம். கராத்தே மாஸ்டர் பட்டியலில் முதல் இடம் கொடுக்கச் சான்று இல்லை.

கதையைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது

மோடோபு சோகி கதை இதற்கு நல்ல பாடம். 1920-களின் தொடக்கத்தில் கியோட்டோவில் ஒரு வெளிநாட்டுக் குத்துச்சண்டை வீரரை அவர் வீழ்த்தினார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. 1925-ல் கிங் என்ற ஜப்பானியப் பத்திரிகை இதைப் பெரிதாக எழுதியது. ஆனால் சண்டை போடுபவராக வரைந்த உருவம் ஃபுனகோஷியுடையது! வென்றவர் ஒருவர், படத்தில் இருப்பவர் இன்னொருவர். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஃபுனகோஷி பாக்ஸரை அடித்தார் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஃபுனகோஷியோ கட்டாவை முதன்மையாக வைத்தவர், கட்டுப்பாடற்ற சண்டைப் பயிற்சியை விரும்பாதவர்.

ஓயாமா மசுடாட்சு (1923–1994) மாட்டோடு மோதியது மறுக்க முடியாதது, படம்பிடித்த காட்சியே இருக்கிறது. "52 மாடுகள்" என்ற எண்ணிக்கை மட்டும் ஓயாமா தரப்பிலிருந்தே வந்தது. சிராவயல் மஞ்சுவிரட்டுப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. என்ன ரக மாடு, எத்தனை வயது, வளர்ப்பு மாடா சண்டைக் காளையா, கயிறு இருந்ததா, கொம்பைப் பிடித்துத் திருகினாரா அல்லது ஓடிவந்ததை எதிர்த்து நின்று அடித்தாரா? ஒவ்வொரு விடைக்கும் அந்தச் செயலின் எடை மாறும். ஓயாமாவுக்கு மாடு தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. கொரியாவில் பிறந்து, ஜப்பானில் ஃபுனகோஷி வழியான ஷோட்டோகானும், கோஜு ரியூவும் கற்று, அடியை நிறுத்தாமல் முழு பலத்தோடு மோதும் முழுத்தொடர்புச் சண்டைக்கென்று கியோகுஷின் என்ற தனி வழியை உண்டாக்கினார். அதுவே போதுமான சாதனை.

உடைத்த ஓட்டை எண்ணுவது

பள்ளி ஆண்டு விழா மேடையில் பத்து ஓடு உடைத்தவரை, மூன்று ஓடு உடைத்தவரைவிடப் பெரியவராகப் பேசுவது நம் பக்கம் சகஜம். எண்ணுமுன் அடுக்கிய விதத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

மொட்டைமாடியில் பதிக்கிற தட்டோடு மாதிரியான தட்டையான ஓட்டை இரண்டு செங்கல் மேல் வைத்து நடுவில் அடித்தால், ஓடு வளைந்து அடிப்பக்கம் விரிசல் விடும். சுட்ட மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஒவ்வொரு ஓட்டுக்கும் இடையில் இரண்டு ஓரத்திலும் பென்சில் கனத்துக்குக் குச்சி வைத்தால், மேல் ஓடு தனியாக உடையும், விழும் துண்டும் கையும் சேர்ந்து அடுத்ததை உடைக்கும். குச்சியை எடுத்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடுக்கினால் பத்தையும் ஒரே நேரத்தில் வளைக்க வேண்டியிருக்கும். அப்போது மூன்றே பெரிய விஷயம். மரப்பலகையிலும் இப்படித்தான்: நார் ஓடும் திசையிலேயே பிளக்கும்படி வைத்தால் எளிது, நாரை அறுத்துக்கொண்டு உடைக்கும்படி வைத்தால் கை எலும்பே முறியலாம். நன்றாகக் காய்ந்த பலகை, ஈரப் பலகையைவிடச் சீக்கிரம் உடையும்.

உடைப்பது உடம்பைக் கல்லாக்கும் பயிற்சிக்குச் சான்று. எதிரி நகர்ந்து திருப்பி அடிக்கும்போது என்ன செய்வார் என்பதற்கு அது சான்றாகாது.

விதியைப் பார்க்காமல் வீரர்களை மோதவிடுவது

உலகக் கராத்தே சம்மேளனப் போட்டியில் குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு 2, தலைக்கு உதைத்தாலோ கீழே விழுத்தி அடித்தாலோ 3. அடி கட்டுக்குள் இருக்க வேண்டும். கியோகுஷினில் முழு பலத்தோடு அடிக்கலாம், தொடையை உதைக்கலாம், முகத்தில் கையால் குத்தக் கூடாது. ஷோட்டோகானின் பழைய முறையில் ஒரே ஒரு முழுமையான அடி போதும், ஆட்டம் முடிந்தது. ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற அஜர்பைஜானின் ரஃபேல் அகாயேவையும் ஒரு கியோகுஷின் சாம்பியனையும் யூடியூபில் பார்த்து ஒப்பிடுபவர், முகத்தைக் காக்கப் பழகியவரையும் தொடையைக் காக்கப் பழகியவரையும் ஒப்பிடுகிறார். தூரம் வேறு, கை வைக்கும் இடம் வேறு, மூச்சுக் கணக்கு வேறு.

விதி என்ன செய்யும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்கின் 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப் போட்டியைப் பாருங்கள். சவுதியின் தாரிக் ஹமேதி 4–1 என்று முன்னிலையில் இருந்து, தலைக்கு விட்ட உதையில் ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். அடி அளவு மீறியது என்று ஹமேதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம். முழுத்தொடர்பு விதியில் அதே உதைக்கு மேடையே ஹமேதியுடையதாகியிருக்கும்.

பதக்கம் பேசும்போது பெண்களை விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. ஸ்பெயினின் சாண்ட்ரா சாஞ்செஸ் 39 வயதில் ஒலிம்பிக் கட்டா தங்கம் வென்றவர். பதக்கம்தான் அளவுகோல் என்றால் அவர் பெயர் முதல் வரிசையில் வந்தாக வேண்டும்.

டான் எண்ணிக்கையைத் தராசாக்குவது

ஃபிளெக்ஸ் பேனரில் "10-வது டான்" என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். டான் என்பது கறுப்பு பெல்ட்டின் படிநிலை; அந்த முறை ஜூடோவின் கானோ ஜிகோரோவிடமிருந்து வந்தது. ஃபுனகோஷி கராத்தேயில் முதல் கறுப்பு பெல்ட்டுகளைக் கொடுத்தது 1924-ல்தான். இடோசுவுக்கும், மியாகியின் ஆசானான ஹிகவோன்னா கான்ரியோவுக்கும் (1853–1915) டானே கிடையாது. மியாகி தன் சீடர்கள் யாருக்கும் டான் கொடுக்கவில்லை. எண்ணை வைத்துப் பார்த்தால் இவர்களெல்லாம் நம் தெரு மாஸ்டருக்குக் கீழே போய்விடுவார்கள்.

நகரத்தார் வீட்டில் புதிதாக வந்தவரிடம் எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்பதுபோல, டான் சொல்பவரிடம் யார் கொடுத்தார்கள், எந்த ஸ்டைல், எந்த அமைப்பு, எந்த ஆண்டு என்று கேளுங்கள். நாலுக்கும் விடை வந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

பெயரையும் கட்டாவையும் மாற்றிப் பேசுவது

ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். ஃபுனகோஷி கிச்சினும் கிச்சின் ஃபுனகோஷியும் ஒரே ஆள். அன்கோ என்று இருவர்: இடோசு, அசாடோ, இருவருமே ஃபுனகோஷிக்கு ஆசான்கள். ஒக்கினாவாவில் ஷூரி ஊரின் மட்சுமுரா சோகோன் வேறு, டோமாரி ஊரின் மட்சுமோரா கோசாகு வேறு. ஹிகவோன்னா கான்ரியோ வேறு, 1938-ல் பிறந்த ஹிகவோன்னா மோரியோ வேறு. ஒருவர் செய்ததை மற்றவர் கணக்கில் எழுதிவிட்டால் வாதம் முழுதும் கோணலாகிவிடும்.

கட்டாவில் ஒரு பொறி உண்டு. பினான் என்ற ஐந்து கட்டாக்களுக்கு ஷோட்டோகானில் ஹேயான் என்று பெயர்; ஷோடான் என்றால் முதலாவது, நிடான் என்றால் இரண்டாவது. ஷோட்டோகான் பிள்ளை முதலில் கற்கும் ஹேயான் ஷோடான்தான் ஷிட்டோ ரியூ பிள்ளைக்குப் பினான் நிடான். ஃபுனகோஷி முதலிரண்டின் வரிசையை மாற்றிவைத்தார். இது தெரியாமல், "உங்க மாஸ்டர் இரண்டாவதை முதல்ல சொல்லிக்கொடுத்துட்டார்" என்று குறை சொல்லக் கூடாது.

எங்கள் தேர்வு

ஒரே ஒரு பெயர் கேட்டால், கற்றுக்கொடுத்தது என்ற அளவுகோலில் இடோசு அன்கோவைச் சொல்வோம். ஐந்து பினான் கட்டாக்களும் அவர் கையிலிருந்து வந்தவை. 1901 வாக்கில் கராத்தேயை ஒக்கினாவாப் பள்ளிக்குள் கொண்டுபோனார். 1908-ல் பத்துக் கருத்துகள் கொண்ட கடிதம் எழுதி, இதைப் பாடமாக வைக்க வேண்டிய காரணத்தைச் சொன்னார். ஃபுனகோஷியும், ஷிட்டோ ரியூவை நிறுவிய மபுனி கென்வாவும் (1889–1952) அவரிடம் கற்றவர்கள். மோடோபுவும் கொஞ்ச காலம் அவரிடம் பயின்றவர். காரைக்குடியில் ஒரு ஷோட்டோகான் வகுப்பில் மஞ்சள் பெல்ட்டுக்காகப் பிள்ளை போடும் கட்டாவின் வழித்தடம் அவரிடம்தான் போய்ச் சேரும்.

எதிர்வாதம் வேண்டுமென்றால் மியாகி சோஜுன் பக்கம் நில்லுங்கள். பினானைத் தொடாமலே, சான்சின், டென்ஷோ என்ற மூச்சுப் பயிற்சிக் கட்டாக்களின் மேல் தன் முறையை நிறுத்தி, புதிதாகச் சேர்பவர்களுக்குக் கெகிசாய் கட்டாக்களையும் வகுத்தவர். 1945 ஒக்கினாவாப் போரில் தலைச்சீடர் ஷின்சாடோ ஜின்ஆனைப் பறிகொடுத்த பிறகும் போருக்குப் பின் மறுபடி கற்பித்தார். கோஜு ரியூ பிள்ளைகள் இதைச் சொல்லி வாதாடினால், நாங்கள் உட்கார்ந்து கேட்போம்.