11 வருஷம் கழித்துப் பாவசங்கீர்த்தனம் போனது

கொடைக்கானலில் வளர்ந்தவனுக்கு சலேத் மாதா கோயில் வீடு மாதிரி, 1866-லிருந்து நிற்கிற கோயில், ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு ஊரே அங்கேதான் இருக்கும். ஆனால் அப்பா இறந்த பிறகு நான் 11 வருஷம் உள்ளே போகவில்லை. கோபம்தான்.

திரும்ப வந்தபோது பூசைக்குப் போய்விட்டேன், நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், அதை வாங்கத்தான் கால் எழவில்லை. பெரிய பாவம் இருந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டும், குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும், அது தெரியும். ஆனால் அப்போது சொல்கிற மனஸ்தாப செபம் முதல் வரியோடு மறந்துபோச்சு, 11 வருஷக் கணக்கை எங்கிருந்து ஆரம்பிப்பது?

சனிக்கிழமை சாயங்காலம், வெளியே பனிமூட்டம், ஸ்வெட்டர் பையில் துண்டுச் சீட்டு. பத்துக் கட்டளைகளை வரிசையாக வைத்து, பெரியதை மட்டும், ஏறக்குறைய எத்தனை தடவை என்பதோடு எழுதியிருந்தேன். முழந்தாளிட்டதும் கை நடுங்கி சீட்டு கீழே விழுந்துவிட்டது, அந்த இருட்டில் எங்கே தேடுவது? "சாமி, 11 வருஷம் ஆச்சு, செபமும் மறந்துபோச்சு" என்றேன். "பரவாயில்லைப்பா, நான் சொல்றேன், கூடச் சொல்லு" என்றார் குருவானவர்.

பாவத்துக்குப் பரிகாரமாக அவர் சொல்லச் சொன்னது மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம். அவ்வளவுதானா என்று எனக்கே ஏமாற்றம்! மறுநாள் நன்மை வாங்கினேன். அப்புறம் கல்லறைக்குப் போய் அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன், காற்றில் இரண்டு தடவை அணைந்தது.