ஓடுகிற பிள்ளைக்குத் துணி டயப்பர்: முதல் நாளிலிருந்து

என் மகளுக்கு 14 மாதம் ஆன பிறகுதான் துணி டயப்பர் பக்கம் திரும்பினேன். அதெல்லாம் பிறந்த குழந்தைக்குத்தான், எழுந்து ஓடுகிற பிள்ளைக்கு இனி எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. ஆர்வக்கோளாறில் புது டயப்பரைப் பிரித்த கையோடு மாட்டிவிட்டேன், அரை மணி நேரத்தில் பேன்ட் நனைந்து, தொடை வழியாக இறங்கி, சாக்ஸ் வரைக்கும் ஈரம். கழற்றிப் பார்த்தால் உள்துணி பாதி காய்ந்தே இருக்கிறது! டயப்பரைத்தான் திட்டினேன். தப்பு என்னுடையது என்று புரிய நாலு நாள் ஆனது.

அந்த நாலு நாளை நீங்கள் மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எதை வாங்குவது என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், ஆனால் இதில் பாதிக்கு மேல் துவைப்பதில்தான் இருக்கிறது. துவைப்பு சரியாக அமைந்துவிட்டால் சுமாரான டயப்பரும் ஒழுங்காக வேலை செய்யும், அது சரியில்லை என்றால் எவ்வளவு நல்லதை வாங்கினாலும் நாறும், ஒழுகும்.

1. என்ன வாங்குவது, எத்தனை

துணி டயப்பர் என்பது மூன்று அடுக்கு. தோலில் படும் துணி, நடுவில் உறிஞ்சும் துணி, வெளியே ஈரம் கசியாத கவர். மூன்றையும் சேர்த்தே தைத்திருந்தால் 'ஆல் இன் ஒன்', பை மாதிரி தைத்து உள்துணியை நாமே செருகிக்கொள்வது 'பாக்கெட்', கவர் தனி உள்துணி தனி என்றால் இரண்டு துண்டு வகை. ஆல் இன் ஒன் மாட்டச் சுலபம், ஆனால் காயவே காயாது. என் ஓட்டு பாக்கெட்டுக்கு, உறிஞ்சும் துணியை நம் இஷ்டத்துக்குக் கூட்டலாம் குறைக்கலாம் என்பதால்.

வெளிக் கவர் பெரும்பாலும் பியூஎல், அதாவது பாலியஸ்டர் துணியின் மேல் மெல்லிய பாலியூரிதேன் படலம் ஒட்டியது. (1940களில் அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற தாய் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தையல் மெஷினில் தைத்துத்தான் கசியாத கவரைச் செய்து பார்த்தார், ஊக்குக்குப் பதில் டிச் பட்டன் வைத்து. 1951இல் காப்புரிமை கிடைத்தது. நள்ளிரவில் ஈரப் படுக்கையை மாற்றிக்கொண்டிருக்கும்போது அவரை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.)

மூடுவதற்கு வெல்க்ரோவா, டிச் பட்டனா? ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு டிச் பட்டன் வாங்குங்கள். வெல்க்ரோவின் 'சர்ர்ர்' சத்தம் இந்த வயதுக்கு ஒரு விளையாட்டு, ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நடுக்கூடத்தில் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

முதலில் நாலைந்து மட்டும் போதும், முடிந்தால் இரண்டு மூன்று விதமாக. பகலில் ஒன்றோ இரண்டோ துணியில், மீதி நேரம் வழக்கம்போல் தூக்கிப்போடும் டயப்பரில். பிடித்துப்போய் முழு நேரமும் துணிக்கு வந்தால் கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு ஐந்தாறு, இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைப்பு, காய ஒரு நாள். ஆக 15லிருந்து 18. முதல் நாளே இருபது வாங்கி அலமாரியில் தூசி படிய விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. மாட்டுவதற்கு முன் துவையுங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். பருத்தி, ஹெம்ப் (கஞ்சா இனச் செடியின் தண்டு நார்) போன்ற இழைகளில் இயற்கையாகவே ஒருவித எண்ணெய்ப் பசை இருக்கும், அது போகும்வரை தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே உருளும். புது உள்துணியின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி நிற்கும். மூங்கில் இழை என்றால் இரண்டு மூன்று துவைப்பு, வெளுக்காத பருத்தியும் ஹெம்ப்பும் என்றால் ஐந்தாறு துவைப்பு ஆகும் முழுசாக உறிஞ்ச. இதற்கென்று தனியாகத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டாம், வீட்டுத் துண்டுகளைத் துவைக்கும்போது கூடவே போட்டு எடுங்கள். மைக்ரோஃபைபர் என்கிற மெல்லிய செயற்கை இழைத் துணிக்கு ஒரு துவைப்பு போதும்.

அந்த ஒரு ஸ்பூன் தண்ணீர் உடனே மறைந்தால் டயப்பர் தயார்.

3. உள்துணியை அடுக்கும் வரிசை

கைக்குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். நடக்கிற பிள்ளையோ அடக்கி வைத்திருந்து ஒரே மூச்சில் மொத்தமாகத் திறந்துவிடும். அதனால் இங்கே இரண்டு விஷயம் வேண்டும்: வேகமாக இழுப்பது, நிறையப் பிடித்துவைப்பது. மைக்ரோஃபைபர் வேகமாக இழுக்கும், ஆனால் பாத்திரம் கழுவும் ஸ்பஞ்ச் மாதிரிதான், அழுத்தினால் குடித்ததைக் கக்கிவிடும். பிள்ளை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்ததும் ஒழுகுவது இதனால்தான். ஹெம்ப் மெதுவாக இழுக்கும், ஆனால் நிறையப் பிடிக்கும், எளிதில் விடாது.

ஆகவே மைக்ரோஃபைபர் மேலே, ஹெம்ப் அல்லது பருத்தி அடியில். தலைகீழாக வைத்தால் ஹெம்ப் யோசித்து முடிப்பதற்குள் வெள்ளம் வந்துவிடும். மைக்ரோஃபைபர் மட்டும் நேரடியாகத் தோலில் படக்கூடாது, தோலின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சி வறண்டுபோகச் செய்யும். பாக்கெட்டுக்குள் போய்விட்டால் அந்தக் கவலை இல்லை. ஆண்பிள்ளை என்றால் முன்பக்கம் ஒரு மடிப்பு கூடுதலாக வையுங்கள்.

4. மாட்டுவது

படுக்க வைத்தால் புரண்டு ஓடுகிற வயது இது. பிடித்து அமுக்கி மல்லுக்கட்டுவதைவிட நிற்க வைத்தே மாட்டப் பழகுங்கள்: சோபாவைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நிற்கட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து, பின்பக்கத்தை உங்கள் முழங்காலால் அணைத்தபடி முன்பக்கத்தை இழுத்துப் பட்டனைப் போடுங்கள். முதல் பத்து தடவை கோணல்மாணலாக வரும். கக்கா போயிருந்தால் மட்டும் படுக்க வைத்துத்தான் ஆகவேண்டும், அதற்கென்று ஒரு பொம்மையை ஒளித்து வைத்திருங்கள், மற்ற நேரத்தில் கண்ணில் காட்டாதீர்கள்.

மாட்டியதும் மூன்று இடம் பாருங்கள். தொடை எலாஸ்டிக், ஜட்டி மாதிரி தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் உட்கார வேண்டும், தொடைக்குக் கீழே இறங்கி நின்றால் நடக்க நடக்க இடைவெளி விழும். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: உள்துணியின் ஓரமோ ஈரமான பாக்கெட் துணியோ கவருக்கு வெளியே துளி நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல ஈரம் பேன்ட்டுக்கு ஏறிவிடும். விரலை விட்டுச் சுற்றி ஒருமுறை உள்ளே தள்ளுங்கள்.

எலாஸ்டிக் தடம் லேசாகப் பதிந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை, சாக்ஸ் தடம் மாதிரிதான். சிவந்து தடித்திருந்தால் ஒரு பட்டன் தளர்த்துங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், கக்கா என்றால் உடனே.

5. துடைதுணி

உண்மையில் நீங்கள் முதலில் தொடங்க வேண்டியதே இதுதான், டயப்பருக்கு மனசு வராவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். கடையில் வாங்கும் ஈர வைப்ஸ் நாலைந்து ஆகும் இடத்தில் ஒரு நல்ல துணி போதும், ஏனென்றால் வைப்ஸ் வழுக்கிக்கொண்டு போகும், துணி பிடித்து எடுக்கும்.

பழைய டி-ஷர்ட், துண்டு, மென்மையான போர்வை எதுவானாலும் சரி. 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டுங்கள், பாதியாக மடித்தால் உள்ளங்கைக்குச் சரியாக இருக்கும். பனியன் துணியை வெட்டினால் நூல் பிரியாது, தைக்கவே வேண்டாம். துண்டுத் துணி என்றால் ஓரம் அடித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மெஷினெல்லாம் நூல். முப்பது இருந்தால் தாராளம்.

நனைக்க வெறும் தண்ணீர் போதும். எண்ணெய், வாசனைச் சொட்டு என்று விதவிதமாகக் கலக்கச் சொல்வார்கள், தேவையே இல்லை, எண்ணெய் துணியில் படிந்து அடுத்த தலைவலிக்கு வழிவைக்கும். காலையில் பத்துத் துணியை நனைத்துப் பிழிந்து மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள், அன்றைக்கு மிஞ்சினால் துவைக்கப் போட்டுவிடுங்கள், இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை வாடை வரும். இதற்கும் சோம்பல் என்றால் காய்ந்த துணியும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் போதும், நான் அப்படித்தான் செய்கிறேன். முகம் துடைக்கும் துணிக்கு மட்டும் வேறு நிறம் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

6. கக்கா

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் நடக்கிற பிள்ளையிடம் இது கைக்குழந்தையைவிடச் சுலபம். இறுகி வருவதால் கழிவறையில் டயப்பரைச் சாய்த்தால் பெரும்பாலும் உருண்டு விழுந்துவிடும். வயிறு சரியில்லாத நாளில் மட்டும் பைப்பை அழுத்தமாகத் திறந்து அலசவேண்டி வரும். ஒட்டக்கூடாது என்றால் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி) துண்டை மேலே விரித்துவிடுங்கள். தூக்கிப்போடும் லைனரும் உண்டு, அதைக் குப்பையில்தான் போடவேண்டும், கழிவறையில் விடலாம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தாலும் விடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

7. துவைப்பு, நிதானமாகப் படியுங்கள்

அழுக்கு டயப்பரைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். ஊறினால் எலாஸ்டிக்கும் கவரும் சீக்கிரம் போகும், அதைவிட முக்கியமாக, நடக்கிற குழந்தை இருக்கிற வீட்டில் தண்ணீர் நிறைந்த வாளியே ஆபத்து, சில சென்டிமீட்டர் தண்ணீர் போதும் குழந்தை மூழ்க. உலர்ந்த கூடையில், காற்றுப் போகிற மாதிரி போட்டுவையுங்கள். இறுக்கி மூடினால்தான் நாற்றம் அதிகம். உள்துணியைப் பாக்கெட்டிலிருந்து உருவிவிட்டே போடுங்கள்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை, அதிகம் போனால் மூன்று நாள். மெஷினில் முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிறிய அலசல், இது சிறுநீரை வெளியேற்ற. இதைத் தவறவிட்டால் அடுத்த துவைப்பே சிறுநீரில்தான் நடக்கும். பிறகு முழு சோப்புத் தூளோடு நீளமான துவைப்பு, 40லிருந்து 60 டிகிரி, உங்கள் டயப்பரின் லேபிள் எவ்வளவு அனுமதிக்கிறதோ அதுவரை. குழந்தைத் துணிதானே என்று தூளைச் சிட்டிகை போடுகிறவர்கள் பலர், நானும் போட்டேன். வீட்டிலேயே மிக அழுக்கான துணி இது! ரொம்ப அழுக்கு என்று தூள் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் போடுங்கள், உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். டிரம் முக்காலளவு நிறையவேண்டும், குறைந்தால் துணிக்குத் துணி உரசாமல் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். நிறையவில்லையா, துண்டைப் போடுங்கள்.

ஃபேப்ரிக் சாஃப்ட்னர் அறவே வேண்டாம், இழையின் மேல் பூச்சுப் போட்டு உறிஞ்சவிடாமல் செய்துவிடும். கெட்டியான டயப்பர் க்ரீமும் அதையேதான் செய்யும், பூசவேண்டி வந்தால் மேலே ஒரு லைனர் விரியுங்கள்.

காய்வதற்குக் கொடிதான் நல்லது. வெயிலில் மஞ்சள் கறை தானாக வெளுக்கும், ஈரமாக இருக்கும்போதே போட்டால் இன்னும் நன்றாக. கவரை மட்டும் நிழலில் போடுங்கள், எலாஸ்டிக்கைக் குறுக்கே தொங்கவிட்டால் இழுபட்டுத் தளரும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் அமைப்பு 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், துணி டயப்பரை எப்போதும் டிரையரில் காயவைத்தால் பூமி வெப்பமாதலில் அதன் பங்கு 43 சதவீதம் கூடும் என்றும், டிரம்மை நிறைத்துத் துவைத்து, வெளியே உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் அதையே போட்டால் 40 சதவீதம் குறையும் என்றும் கணக்கிட்டிருந்தார்கள்.

நாற்றத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். மெஷினிலிருந்து எடுக்கும்போதே வாடை வந்தால் துவைப்பு போதவில்லை, தூளைக் கூட்டுங்கள். காய்ந்தபோது வாடையே இல்லாமல், பிள்ளை உச்சா போன உடனே கண்ணெரிகிற மாதிரி அடித்தால் அம்மோனியா தேங்கியிருக்கிறது. முழுத் தூளோடு சூடாக ஒரு துவைப்பு, அப்புறம் நுரை வருவது நிற்கும்வரை வெறும் தண்ணீரில் அலசல். தோல் சிவந்து, சுற்றிலும் சிறுசிறு புள்ளியாகப் பரவினால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், நாமே வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

8. வெளியே போகும்போது

ஈரம் கசியாத ஜிப் பை ஒன்று, இரண்டு டயப்பர், பிழிந்த துணி நாலு. அவ்வளவுதான்.

9. இரவு, எல்லாவற்றுக்கும் கடைசியாக

பகல் பிடிபட்டு இரண்டு வாரம் ஆன பிறகு இரவைத் தொடுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கவேண்டும் என்பதால் பகல் டயப்பர் போதாது. உடம்பு முழுக்க உறிஞ்சும் துணியாலேயே தைத்த டயப்பர், உள்ளே ஹெம்ப் இரண்டு, அதன் மேல் தனிக் கவர். பின்பக்கம் வாத்து மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், பைஜாமா ஒரு அளவு பெரிதாக வேண்டியிருக்கும். விடிந்ததும் அந்த ஒன்றை மட்டும் கூடையில் எறியாமல் குழாயடியில் பிடித்து நன்றாக அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், இரவு முழுக்கத் தேங்கிய சிறுநீர் இன்னும் இரண்டு நாள் கூடையில் கிடந்தால் மேலே சொன்ன அம்மோனியா அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும்.